கோவையில மளிகைக்கு எந்தக் கடை பெஸ்ட்? மூணு மாச பில் சொன்ன பதில்



நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட் பத்தி பேசினாலும் சரி, டேர்ம் இன்சூரன்ஸ் பத்தி பேசினாலும் சரி, யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்காம விடமாட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் ப்ரோ, நீங்க மாச மளிகை எங்க வாங்கறீங்க? டி-மார்ட்டா, கண்ணனா, அண்ணாச்சி கடையா?"

இவ்வளவு நாளா இதுக்கு நான் ஒழுங்கா பதில் சொன்னதில்லை. எனக்கே பதில் தெரியாது, அதான் காரணம். பெரிய கடை தான் சீப்னு ஊரே சொல்லுது, நானும் நம்பிட்டு இருந்தேன். போன வருஷம், அதாவது 2025 ஜூன் மாசம், அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் பில்லை எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சு, பேனாவும் கையுமா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து நிமிஷ வீடியோல சொல்லி முடியாத கதை, அதனால இங்க எழுதறேன். எந்தக் கடையும் எனக்கு பத்து பைசா கொடுக்கலை, அதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

பரண்ல இருந்த பணம்

ஜூன் மாசம் நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு எப்படி இருக்கும்னு விளக்க வேண்டியதில்லை. பாப்பாவோட முதல் டேர்ம் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், வேன் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். அக்கவுன்ட்ல இருந்தது 27,000. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற ஆள், அன்னிக்கு ராத்திரி அதையே உடைக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

என் மனைவி ஒண்ணும் பேசலை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சமையலறைப் பரண்ல இருந்ததை ஒவ்வொண்ணா இறக்கி வெச்சாங்க. பாத்திரம் தேய்க்கற ஜெல் மூணு. தரை துடைக்கற லிக்விட் அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு. பாஸ்தா நாலு பாக்கெட், எங்க அம்மா அதைத் தட்டுல வெச்சாக் கூட தொடமாட்டாங்க. தேதி முடிஞ்ச ஓட்ஸ் ஒரு கிலோ. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செட் ரெண்டு, ஸ்டிக்கர் கூட பிரிக்கலை. விலையை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். 4,150 ரூபாய். ஃபீஸுக்குக் குறைஞ்சது 4,000.

"பணம் எங்கயும் போகலைங்க, பரண் மேல தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு ஸ்டூலை எடுத்து ஓரமா வெச்சாங்க.

இதுல என்ன கொடுமைன்னா, அந்த சாமான் அத்தனையும் ஆஃபர்ல வாங்கினது. ஒவ்வொரு பில்லுக்கு அடியிலயும் 'இன்று நீங்கள் சேமித்தது' இவ்வளவுன்னு அச்சாகி வந்திருக்கும். நானும் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கேன்.

கடைகள் எப்படி சம்பாதிக்குது?

எந்தக் கடை சீப்னு பார்க்கறதுக்கு முன்னாடி, எந்தக் கடை எப்படி சீப்பா கொடுக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். அது தெரிஞ்சா தான் எங்க எதை வாங்கணும்னு புரியும்.

முதல்ல டி-மார்ட். ஷேர் மார்க்கெட் ஆளுங்களுக்கு இது அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ராதாகிஷன் தமானி 2002ல மும்பை பவாய்ல முதல் கடையைத் திறந்தார். 2017 மார்ச்ல 299 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்து, லிஸ்ட் ஆன முதல் நாளே ரெட்டிப்புக்கு மேல போனது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அவங்க ஃபார்முலா ரொம்ப சிம்பிள். பெரும்பாலான கடைக் கட்டடம் சொந்தம், அதனால வாடகை பாரம் குறைவு. சரக்கு கொடுக்கற கம்பெனிக்கு சீக்கிரமே பணம் செட்டில் ஆகிடும், அதனால அவங்க விலையைக் குறைச்சுக் கொடுப்பாங்க. கடைக்குள்ள ஆடம்பரம் எதுவும் கிடையாது. இதனால மிச்சம் ஆகறதுல ஒரு பங்கு நமக்கு டிஸ்கவுன்டா வருது. இது நிஜமான டிஸ்கவுன்ட், ஏமாத்து வேலை இல்லை.

ஆனா அவங்க விற்பனையில் பாதிக்கு மேல் உணவுப் பொருள் என்றாலும், துணி, பாத்திரம், பிளாஸ்டிக் மாதிரி பொதுச் சாமான்கள் கணிசமான பங்கு. பருப்பு, சோப்பை விட அதுல தான் லாப விகிதம் அதிகம். பருப்பு வாங்கப் போன நம்மள டப்பா செட் பக்கம் ஒரு நடை நடக்க வெச்சா தான் கணக்கு சரியா வரும். என் பரண்ல இருந்தது எந்த வகைச் சாமான்னு மறுபடியும் பாருங்க.

அடுத்து நம்ம ஊர் செயின்கள். கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் பத்தி கொங்கு மண்டலத்துல யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. இந்த மாதிரி கடைகள் எம்.ஆர்.பி.ல அவ்வளவு பெரிய தள்ளுபடி கொடுக்கறதில்லை. ஆனா நம்ம பக்கத்துச் சமையலுக்கு வேண்டியது எல்லாம் ஒரே ரேக்ல கிடைக்கும். இட்லி அரிசி, ஈரோடு சக்தி மசாலா, சேலம் நரசுஸ் காபித்தூள், செக்கு எண்ணெய், கம்பு, ராகி. கடையும் அளவா இருக்கும். மூணாவது மாடி, எஸ்கலேட்டர்னு அலைய வேண்டியதில்லை.

கோவைப் பழமுதிர் நிலையம் இங்க பழக்கடையா ஆரம்பிச்சு, இன்னிக்கு வெளியூர் வரைக்கும் பரவின பேரு. ஆனா 'பழமுதிர்'னு போர்டு வெச்சது எல்லாம் ஒரே கம்பெனி கிடையாது. ஒரு கிளையில நல்லா இருந்துச்சுன்னு இன்னொரு போர்டை நம்பிப் போகாதீங்க, கடையைப் பார்த்துப் போங்க. பழத்துக்கு நல்லது. தினசரிக் காய்கறிக்கு என் பர்ஸுக்குக் கொஞ்சம் அதிகம்.

சிந்தாமணி கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டை இந்தத் தலைமுறை மறந்தே போச்சு. மதுரையில பாண்டியன், சென்னையில காமதேனு, வேலூர்ல கற்பகம்னு ஊருக்கு ஒரு பேருல கூட்டுறவுக் கடை இருக்கு. காமதேனுவை நடத்தற திருவல்லிக்கேணி சங்கம், டி.யூ.சி.எஸ்., 1904ல ஆரம்பிச்சது. ஏசி, ஆஃபர், விளம்பரம் எதுவும் இருக்காது. அதனாலயே தேவையில்லாததை வாங்க ஆசையும் வராது.

உழவர் சந்தை 1999 நவம்பர்ல மதுரையில தொடங்கினது. கோவையில ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் ரெண்டும் பழைய சந்தைங்க. விவசாயி நேரா வந்து விக்கறார், நடுவுல தரகர் கமிஷன் இல்லை, அன்னன்னிக்கு விலை போர்டுல எழுதியிருக்கும். காலையில சீக்கிரம் போகணும், அது ஒண்ணு தான் கஷ்டம்.

கடைசியா, யாரும் லிஸ்ட்லயே சேர்க்காத ரேஷன் கடை. அரிசி கார்டு இருந்தா துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். எந்த சூப்பர் மார்க்கெட்டும் இந்த விலைக்குப் பக்கத்துல கூட வர முடியாது. "அங்க போய் யார் க்யூல நிக்கறது"ன்னு சொல்றவங்க, சனிக்கிழமை சாயங்காலம் பில்லிங் கவுன்ட்டர்ல எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு ஒரு தடவை வாட்ச்சைப் பார்க்கணும்.

மூணு மாச டெஸ்ட்

இப்ப விஷயத்துக்கு வருவோம். எங்க வீட்ல நாலு பேர். அம்மா, நான், மனைவி, பாப்பா. அரிசி, பால், காய்கறி தனி. மிச்ச மளிகைக்கு 22 அயிட்டம் இருக்கற ஒரு லிஸ்ட்டை எழுதி, ஜெராக்ஸ் எடுத்தோம். பிராண்ட், அளவு எல்லாம் ஒண்ணு தான், மாத்தக் கூடாது. ஜூலை முதல் வாரம் ஒரு பெரிய டிஸ்கவுன்ட் கடை. ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு லோக்கல் செயின். செப்டம்பர் முதல் வாரம் எங்க தெருமுனை அண்ணாச்சி கடை. பில் வந்ததும், லிஸ்ட்ல இல்லாத அயிட்டத்தை சிவப்புப் பேனால வட்டம் போடணும். அவ்வளவு தான் டெஸ்ட்.

ரூபாய்க் கணக்குக்குப் பக்கத்துல கடைப் பேரை வேணும்னே போடலை. ஒரு வீட்டோட ஒரு மாச பில்லை வெச்சு ஒரு கம்பெனிக்கு மார்க் போடறது நியாயம் இல்லை. ரேட்டும் வாரா வாரம் மாறும்.

ஜூலை, பெரிய கடை: லிஸ்ட்ல இருந்த 22 அயிட்டம் 4,620 ரூபாய். மொத்த பில் 6,480. வட்டம் போட்டது 1,860.

ஆகஸ்ட், லோக்கல் செயின்: லிஸ்ட் 4,890. மொத்த பில் 5,410. வட்டம் போட்டது 520.

செப்டம்பர், அண்ணாச்சி கடை: லிஸ்ட் 5,060. மொத்தம் 5,150. வட்டம் போட்டது 90 ரூபாய், அதுவும் பாப்பாவுக்குக் கடலை மிட்டாய்.

நல்லா கவனிங்க. ரேட்டை மட்டும் பார்த்தா பெரிய கடை தான் சீப். லோக்கல் செயினை விட 270 ரூபாய் கம்மி, அண்ணாச்சியை விட 440 ரூபாய் கம்மி. ஊர் சொல்றது பொய் இல்லை. ஆனா என் அக்கவுன்ட்ல இருந்து வெளிய போன பணத்தைப் பார்த்தா வரிசை அப்படியே தலைகீழ். எது சீப்போ அங்க தான் அதிகமா செலவு பண்ணியிருக்கேன்.

இதுல பெட்ரோலையும் சேருங்க. பெரிய கடைக்குக் கார்ல போய் வர 22 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கற வண்டி, பெட்ரோல் சுமார் நூறு ரூபாய்னு வெச்சுக்கிட்டாலே 150 ரூபாய் ஆச்சு. ரேட்ல மிச்சம் பிடிச்ச 270ல பாதிக்கு மேல ரோட்லயே போச்சு.

வில்லன் கடையா, ட்ராலியா?

இந்த இடத்துல நிறுத்திட்டு "பெரிய கடைக்குப் போகாதீங்க"ன்னு சொல்லியிருந்தா பதிவு சூடா இருக்கும். ஆனா என் மனைவி ஒரு கேள்வி கேட்டாங்க. "ஜூலைல நம்ம எப்படிப் போனோம், ஞாபகம் இருக்கா?"

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம். குடும்பத்தோட, கார்ல. பாப்பா ட்ராலிக்குள்ள உட்கார்ந்துட்டு கையை நீட்டி நீட்டி எடுத்துட்டு வந்தா. கீழ தளம், மேல் தளம்னு ரெண்டு மணி நேரம் சுத்தினோம். ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் நான் மட்டும் ஆபீஸ் விட்டு வர்ற வழியில போனேன். இது எப்படி சரியான டெஸ்ட் ஆகும்?

நியாயமான கேள்வி. அதனால அக்டோபர்ல அதே பெரிய கடைக்கு மறுபடியும் போனேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, தனியா, பைக்ல, கையில ரெண்டு கட்டப்பை. ட்ராலி எடுக்கலை, கூடையோட சுத்தினேன். தூக்கிட்டு நடக்கும்போது கை வலிக்குது பாருங்க, அது மாதிரி ஒரு பட்ஜெட் கன்ட்ரோலர் வேற கிடையாது. அன்னிக்கு வட்டம் போட்டது 210 ரூபாய் மட்டும்.

ஆக, கடையைக் குறை சொல்றதுல அர்த்தம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலத்தையும், ட்ராலியையும், அவுட்டிங் மூடையும் தான் குறை சொல்லணும். நம்மள்ல நிறைய பேருக்கு இன்னிக்கு வீக் எண்டு பொழுதுபோக்கே சூப்பர் மார்க்கெட் தான். வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா ஆயிரம் ரூபாய் மிச்சம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

மூணு மாசம் பில்லோட குடும்பம் நடத்தினதுல இன்னும் சில விஷயம் கத்துக்கிட்டேன்.

ஒண்ணு, சமையல் எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். ஆனா இப்ப ரேக்ல 850 கிராம், 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டும் வருது. பார்க்க எல்லாம் ஒரே சைஸ் மாதிரி தான் இருக்கும். உதாரணத்துக்கு, 910 கிராம் 155 ரூபாய், 800 கிராம் 140 ரூபாய்னு வைங்க. ரெண்டாவது 15 ரூபாய் கம்மின்னு கை போகும். 100 கிராமுக்குக் கணக்குப் போட்டா முதல்ல 17 ரூபாய் 3 பைசா, ரெண்டாவது 17 ரூபாய் 50 பைசா. கம்மி மாதிரி தெரியறது தான் காஸ்ட்லி. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்துலயே கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலைன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. கண்ணாடியைப் போட்டுட்டுப் போய் அதை மட்டும் பாருங்க, ஆஃபர் ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க.

ரெண்டு, அரிசி. 2022 ஜூலை 18ல இருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கு. ஆனா 25 கிலோ வரைக்கும் தான். அதுக்கு மேல இருந்தா வரி இல்லை. அரிசி மண்டியில 26 கிலோ சிப்பம் எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுதா? 1,500 ரூபாய் மூட்டைக்கு 75 ரூபாய் வித்தியாசம். அதே மாதிரி, மூட்டையைப் பிரிச்சு சில்லறையா எடை போட்டுக் கொடுக்கற பருப்புக்கும் அந்த வரி கிடையாது. அண்ணாச்சி கடைக்கு இருக்கற ஒரு சின்ன அட்வான்டேஜ் அது.

மூணு, 2025 செப்டம்பர் 22ல ஜி.எஸ்.டி. மாறினப்போ சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5 சதவீதம் ஆச்சு. நெய், வெண்ணெய் 12ல இருந்து 5. வரி குறைஞ்சதால இறங்கின விலையையும் 'எங்கள் ஆஃபர்'னு எந்தக் கடையாவது காட்டினா மயங்காதீங்க. அது அரசாங்கம் விட்டுக் கொடுத்தது. கடை தன் பங்குக்கு என்ன கொடுக்குதுன்னு பார்க்கணும்னா புது எம்.ஆர்.பி.யில இருந்து கணக்குப் போடுங்க.

நாலு, பில்லைக் கவுன்ட்டர்லயே படிங்க. ஒரு கடையில (பேரு வேண்டாம்) ரேக்ல 92 ரூபாய்னு இருந்த பாக்கெட், பில்லுல 104 ஆகியிருந்துச்சு. வீட்டுக்கு வந்து தான் பார்த்தேன். 12 ரூபாய்க்காக யார் திரும்பப் போவாங்க? யாரும் போகமாட்டாங்க. அதனால அங்கயே ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துடுங்க, கேட்டா மாத்திக் கொடுத்துடுவாங்க. எம்.ஆர்.பி.க்கு மேலயே வாங்கினா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கருவேப்பிலைக்கு மட்டும்

இனி எக்செல் ஷீட்ல வராத ஒரு கணக்கு.

2020 லாக்டவுன்ல என் கம்பெனி நாலு மாசம் பாதிச் சம்பளம் தான் கொடுத்துச்சு. இ.எம்.ஐ.யும் வாடகையும் போனா கையில ஒண்ணும் நிக்காது. அப்ப எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சது அண்ணாச்சி நோட்டுல. "தம்பி, முதல்ல சாமானை எடுத்துட்டுப் போங்க, துட்டு எங்க ஓடிப் போகுது?"ன்னு சொல்லி எழுதி வெச்சுப்பார். அந்த நோட்டுக் கணக்கு 11,300 வரைக்கும் போச்சு. ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. தீபாவளிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அடைச்சேன்.

அதே 11,300 கிரெடிட் கார்டுல நின்னிருந்தா? மாசம் மூணரை சதவீதம்னா 395 ரூபாய் வட்டி, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. தனி. லேட் ஃபீ தனி. சிபில் ஸ்கோர் அடி தனி.

சம்பளம் பழையபடி வந்ததும் நான் என்ன பண்ணினேன்? ட்ராலி தள்ளப் போயிட்டேன். அண்ணாச்சிகிட்ட வாங்கினது அவசரத்துக்குக் கால் கிலோ ரவை, கருவேப்பிலை, கொத்தமல்லி. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே தான் சொன்னார், "தம்பி இப்பல்லாம் கருவேப்பிலைக்கு மட்டும் தான் வர்றீங்க". அவர் சொன்னது அவ்வளவு தான். அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கலை.

இதை சென்டிமென்ட்டுக்காகச் சொல்லலை. காசுக் கணக்காவே பாருங்க. அண்ணாச்சி கடையில எல்லாத்தையும் வாங்கினா லோக்கல் செயினை விட மாசம் 170 ரூபாய் அதிகம் ஆகும், அது என் டெஸ்ட்ல வந்தது. கஷ்ட காலத்துல கேள்வி கேட்காம, வட்டி இல்லாம பத்தாயிரம் ரூபாய் சாமான் கொடுக்கற ஒரு ஆளுக்கு மாசம் 170 ரூபாய் பிரீமியம்னு வெச்சுக்கிட்டா, நான் பார்த்த இன்சூரன்ஸ் பாலிசியிலயே இது தான் நல்ல பாலிசி. ஆனா பிரீமியம் கட்டாம விட்டா பாலிசி லாப்ஸ் ஆகிடும். தெருமுனைக் கடை மூடிட்டா, அடுத்த தடவை சம்பளம் பாதியாகும்போது எந்த பில்லிங் கவுன்ட்டரும் நோட்டு எழுதாது.

அதே சமயம் மறுபக்கத்தையும் சொல்லணும். எங்க அம்மா இருபது வருஷம் நோட்டுல தான் வாங்கினாங்க. ஒரு நாள் கூட ரேட் கேட்டதில்லை. கடன்ல வாங்கற இடத்துல விலை கேட்க வாய் வராது. மாசக் கடைசியில அவர் சொல்ற டோட்டல் தான் கணக்கு. இது நல்ல பழக்கம் இல்லை. அதனால நான் இப்ப அண்ணாச்சிகிட்ட கைமேல காசு கொடுத்து, ரேட் கேட்டு வாங்கறேன். நோட்டு நிஜமான அவசரத்துக்கு மட்டும்.

என் சாய்ஸ்

சரி, சுத்தி வளைக்காம பதில் சொல்றேன்.

முதல்ல ரேஷன். பருப்பு, பாமாயில், சர்க்கரை, கார்டுல வர்றதை விடறதே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில சிங்காநல்லூர் உழவர் சந்தை, ஒரு வாரக் காய். அரிசிக்கு மண்டி. கடுகு, சீரகம், ஏலக்காய், முட்டை, அரைக் கிலோ ஒரு கிலோ சில்லறை சாமான் எல்லாம் அண்ணாச்சி, மாசம் 1,200 ரூபாய்க்குக் குறையாம. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை ராத்திரி, தனியா, பைக்ல டி-மார்ட். சோப்பு, சோப்புத்தூள், பேஸ்ட், நெய், முந்திரி, திராட்சை. கெட்டுப் போகாதது, டிஸ்கவுன்ட் நல்லா கிடைக்கறது. அந்த ஆறு அயிட்டம் தவிர வேற எதையும் கண்ணால கூடப் பார்க்கறதில்லை.

மிச்ச மாச மளிகைக்கு? கண்ணன். ஒரே ஒரு கடை தான் சொல்லணும்னு கழுத்துல கத்தி வெச்சாலும் என் பதில் அது தான். அங்க தான் ரேட் கம்மின்னு சொல்லலை, கிடையாது. ஆபீஸ் விட்டு வர்ற வழியில இருக்கு, நாப்பது நிமிஷத்துல வெளிய வந்துடறேன், எங்க அம்மா சமைக்கறதுக்கு வேண்டிய பிராண்ட் இருக்கு, முக்கியமா எழுதிட்டுப் போன லிஸ்ட்டும் கையில வர்ற பில்லும் ஒத்துப் போகுது. நல்ல மளிகைக்கடைக்கு என்னோட அளவுகோல் இந்தக் கடைசி வரி தான்.

உங்க வீட்டுக்கு இது பொருந்தணும்னு இல்லை. பெரிய கடை வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்து, லிஸ்ட்டோட போய் லிஸ்ட்டோட வர்ற மன உறுதி உங்களுக்கு இருந்தா, தாராளமா அங்கயே வாங்குங்க, நீங்க ஜெயிச்சுட்டீங்க. சின்னக் குழந்தையோட தான் போக முடியும்னா லிஸ்ட்டை வாட்ஸ்அப்ல அண்ணாச்சிக்கு அனுப்புங்க, பையன்கிட்ட கொடுத்து விடுவார். அப்புறம், எந்தக் கடை மேலயும் நிரந்தர விசுவாசம் வேண்டாம். நீலகிரிஸ் 1905ல இருந்து இருக்கற பேரு, ஒரு காலத்துல நம்ம பக்கம் கேக், வெண்ணெய்னா அது தான். 2014ல ஃபியூச்சர் குரூப் கைக்குப் போச்சு, அந்த குரூப்பே அப்புறம் நொடிச்சுப் போச்சு. கடைக்குக் கை மாறும், ரேட் மாறும். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த சிவப்புப் பேனா டெஸ்ட்டைத் திரும்பப் போட்டுப் பார்க்கணும்.

இந்த மாத்தத்துக்கு அப்புறம் எங்க மளிகைச் செலவு மாசம் சராசரியா 6,500ல இருந்து 5,200க்கு வந்திருக்கு. பெரிய தொகையா தெரியாது. ஆனா அந்த 1,300 ரூபாயை மாசா மாசம் தனி ஆர்.டி.யில போடறோம், அதுக்கு 'ஜூன்'னு பேரு வெச்சிருக்கோம். இந்த வருஷ ஃபீஸுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்காதுன்னு நம்பறேன்.

நீங்க இன்னிக்குப் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கடைசியா வாங்கின மளிகை பில் பர்ஸ்லயோ, ஃபிரிட்ஜ் மேலயோ கிடக்கும். எடுங்க. வாங்கணும்னு நினைச்சுட்டுப் போகாத அயிட்டத்துக்கு எல்லாம் வட்டம் போடுங்க. வட்டம் போட்டதைக் கூட்டிப் பாருங்க. உங்களுக்கு எந்தக் கடை பெஸ்ட்னு நான் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தத் தொகை சொல்லிடும்.